சுபலட்சுமியைப் பற்றி மேடையில் சொன்னது

மதுரை,
3 பிப்ரவரி 2025

சுபலட்சுமிக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் உன்னை மதம் மாற்றிவிட்டேன் என்றும், நீ மாற மறுத்ததால் மாடியைக் காலி செய்ய வைத்தேன் என்றும் நம் தெருவில் பேச்சு ஓடுகிறது. இரண்டையும் ஒரே ஆட்கள்தான் சொல்கிறார்கள். மாறிவிட்டவளை மாறவில்லை என்று எப்படித் துரத்துவேன்? பொய் சொல்கிறவர்களுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். நான் உன்னை மாற்றவும் இல்லை, துரத்தவும் இல்லை.

நடந்தது எனக்குத் தெரிந்தவரை இது. எங்கள் பங்குக் கோயிலில் சீடத்துவப் பயிற்சி என்று ஒன்று நடத்தினார்கள். நம் நம்பிக்கையை அடுத்தவரிடம் எப்படிப் பகிர்வது என்று வாரம் ஒரு வகுப்பு. கடைசி ஞாயிறு ஒவ்வொருவரும் மேடையேறித் தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். என் மாடியில் குடியிருக்கும் பெண் என் கூடவே வாராவாரம், எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு வந்ததையும், செபமாலை சொல்லக் கற்றதையும், அவள் கணவரின் குடி குறைந்ததையும் சொன்னேன். பயிற்சி கொடுத்த ஜெரால்ட் அதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டுவிட்டார். போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை உன் கணவர் வேனோடு வந்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்றது உனக்குத் தெரியும். நீ திரும்பிப் பார்க்கவில்லை. சாவி கேட் கம்பியில் தொங்கியது. மேலே போய்ப் பார்த்தால் குளியலறை ஹீட்டர் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

இப்போது எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். பங்குத்தந்தை என்னை அழைத்து, "அன்பியத் தலைவி பொறுப்புல இருந்து கொஞ்ச நாள் ஓய்வெடுங்கம்மா, பேச்சு அடங்கட்டும்" என்கிறார். எழுபத்து நான்கு வயதுக்காரியிடம் ஓய்வு என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, உன் விருப்பத்தில்தான் வந்தாய் என்று நீ அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும்.

ஃபோன் செய்தால் உன் கணவர் எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார். அதனால்தான் தபால்.

இப்படிக்கு,
ஜோசபின் ஜேசுராஜ்


டி. கல்லுப்பட்டி வழி,
8 பிப்ரவரி 2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என் மாமனார்தான் தபால்காரரிடம் வாங்கினார். பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிட்டு, "ஏத்தா, அந்த மதுரைக்காரம்மா எழுதியிருக்கு போல" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஹீட்டரை அணைக்காதது தப்புதான். நீங்கள் அதையாவது கேட்டீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்திருந்தபோது நீங்கள் பேசிய வீடியோ இங்கே டீக்கடையில் ஓடியது. கூட்டாளிகள் இவரைப் பார்த்து, "மாப்ள, ஒன் பொண்டாட்டி ஆமென் சொல்றாளாம்ல. நீ எப்ப ஞாயித்துக்கிழமை வெள்ளைச் சட்டை போடப் போற?" என்று கேட்டிருக்கிறார்கள். இன்னொருத்தர், "அதெல்லாம் இல்ல அண்ணே, மாப்ள மாடிப்படியில ஒக்காந்து அழுதாராம், அந்தம்மா சொல்லுது பாருங்க" என்று அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதனால்தான் இவர் வேனோடு வந்தார். அவர் குடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதது உண்மைதான். மறுநாள் காலையில் உங்கள் சமையலறை வாசலில் நின்று அதை உங்களிடம் மட்டும் சொன்னேன். மைக்கில் சொல்வதற்காகச் சொல்லவில்லை.

இங்கே விஷயம் இதோடு நிற்கவில்லை. சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் எங்கள் குடும்பத்து மூத்த மருமகள்தான் முதல் பொங்கல் வைக்க வேண்டும். அத்தை போன பிறகு அது என் பொறுப்பு. வேதக்காரியாகிவிட்டவள் பானை ஏற்றக்கூடாது என்று இப்போது பங்காளிகள் சொல்கிறார்கள். என் கொழுந்தன் மனைவி கனகா வாயைத் திறக்கவில்லை. ஆனால் புதுப்பானை வாங்கி வைத்திருக்கிறாள்.

மாமா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "நெசமாத்தா?" என்று. ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை.

நான் உங்கள் பங்குச் சாமியாருக்கு எழுத மாட்டேன். நீங்கள்தான் எனக்காக எழுத வேண்டும். அந்த வீடியோவை எடுக்கச் சொல்லுங்கள். நான் மாறவில்லை என்று மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் பெயர் பேயாண்டி.

இன்னொன்று. நான் உங்கள் பின்னால் வந்தேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். கண் ஆபரேஷன் ஆன பிறகு உங்களுக்குப் படி தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். அதனால் எனக்கும் செபத்துக்கு வர ஆசை என்று சொல்லிக் கூட வந்தேன்.

சுபா


மதுரை,
13 பிப்ரவரி 2025

சுபலட்சுமிக்கு,

படி எனக்கு நன்றாகத் தெரிந்தது. டாக்டர் போட்டுக்கொள்ளச் சொன்ன கறுப்புக் கண்ணாடிதான் இடைஞ்சல்.

வீடியோவை எடுத்துவிட்டார்கள். நானே போய் ஜெரால்டைப் பக்கத்தில் உட்கார வைத்து எடுக்க வைத்தேன். ஆனால் ஏற்கெனவே இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் இருப்பதை எடுக்க முடியாது என்கிறார். இவ்வளவு பெரிய கருவியைக் கண்டுபிடித்தவர்களுக்கு இதற்கு ஒரு வழி தோன்றவில்லையாம்.

உன் மாமனாருக்கு எழுதுவது பற்றி நேற்று முழுவதும் யோசித்தேன். என்னால் முடியாது. காரணத்தைச் சொல்கிறேன். கோபப்படாமல் படி.

"இவளுக்கும் இயேசுவுக்கும் தொடர்பு இல்லை" என்று நான் என் கையால் எழுதினால் அதற்குப் பெயர் மறுதலிப்பு. குளிர்காய்ந்துகொண்டு நின்ற இடத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்டாள் என்பதற்காக, அவரை எனக்குத் தெரியாது என்று சொன்ன சீடரைப் பற்றிச் சிறு வயதிலிருந்து படித்திருக்கிறேன். எங்கள் கான்வென்டில் சிஸ்டர் அதை வாசிக்கும்போது, "நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்பார். நான் எழுந்து சத்தமாகப் பதில் சொன்னவள்.

நான் சொன்னதில் பொய் எது? பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் நீ அழுதாய். நான் பார்த்தேன். மாதா சிலை இருக்கும் கெபியில் உன் காசில் மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினாய். செபமாலையில் மற்றவர்கள் பாதி சொன்னால் மீதியை நீ பிழையில்லாமல் சொன்னாய். இதையெல்லாம் பார்த்த ஒருத்தி வேறு என்ன நினைப்பாள்? உனக்கு நம்பிக்கை இல்லை என்று ஒரு நாளாவது என்னிடம் சொன்னாயா?

பயிற்சியில் ஜெரால்ட் முதல் வகுப்பிலேயே, "பேசுறதுக்கு முன்னாடி கேளுங்க" என்றார். முப்பது வயதுகூட ஆகாதவர். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

உனக்கு ஒன்று புரிய வேண்டும். என் கணவர் போன பிறகு பங்கு மண்டபத்தில் நான் கடைசி வரிசை. தலைவி என்று பெயர்தான். கோலப்போட்டிக்கு யார் மாவு வாங்குவது என்பதுவரை மற்றவர்களே முடிவு செய்வார்கள். அன்று நான் பேசி முடித்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் கணவரைப் பற்றிய பகுதியைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

ஜோசபின்


டி. கல்லுப்பட்டி வழி,
18 பிப்ரவரி 2025

அம்மாவுக்கு,

நம்பிக்கை இல்லை என்று நான் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். இருக்கிறதா என்று நீங்கள் கேட்டீர்களா?

மெழுகுவர்த்தி உங்கள் கண்ணுக்காக ஏற்றினேன். கட்டுப் பிரிக்கிற வாரம் அது. பெரிய வெள்ளியன்று அழுதது எங்கள் அம்மாவை நினைத்து. சிலுவைப்பாதைப் படம் ஒன்றில் மகனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார்களே, அதைப் பார்த்ததும் வந்துவிட்டது. செபமாலையை எல்லோரும் சொல்லும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காது. கேட்டுக் கேட்டுப் பாடமாகிவிட்டது.

இதையெல்லாம் எழுதிவிட்டு, அப்படியானால் எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முடித்துவிடலாம். முடிக்க முடியவில்லை. அதுதான் அம்மா என் கோபம்.

உங்கள் கூட்டத்தில் கடைசியில் ஒவ்வொருத்தராகத் தங்கள் குறையைச் சொல்வார்கள். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், முட்டுவலி. யாரும் யாருக்கும் புத்தி சொல்ல மாட்டார்கள். எல்லோரும் சேர்ந்து, கேட்டருளும் என்று மட்டும் சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் ஒரு கஷ்டத்தைச் சொன்னால் பத்துப் பேர் பத்து வழி சொல்வார்கள். அப்புறம் பாத்திரம் கழுவும்போது நானும் தனியாக உங்கள் சாமியிடம் பேச ஆரம்பித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. இன்றைக்கு இவர் நேராக வீட்டுக்கு வரட்டும் என்கிற மாதிரி. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டதுகூட இல்லை. அதற்குள் நீங்கள் மைக்கில் சொல்லிவிட்டீர்கள்.

இப்போது நான் ஆமாம் என்றால் நீங்கள் ஜெயித்ததாக ஆகும். இல்லை என்றால் பங்காளிகள் ஜெயித்ததாக ஆகும். எனக்கென்று ஒரு பதில் மிச்சமில்லாமல் செய்துவிட்டீர்கள். இங்கே வந்ததிலிருந்து பாத்திரம் கழுவும்போது வாய் வரவில்லை.

மாறவில்லை என்று எழுத முடியாவிட்டால் வேண்டாம். அவள் மாறினாளா என்று எனக்குத் தெரியாது என்று எழுதுங்கள். அது உண்மைதானே? ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மரத்தடியில் பங்காளிகள் கூடுகிறார்கள். அதற்குள் கடிதம் வந்தால் போதும். நீங்கள் வர வேண்டாம். தயவுசெய்து வர வேண்டாம்.

சுபா


டி. கல்லுப்பட்டி வழி,
1 மார்ச் 2025

அம்மாவுக்கு,

வர வேண்டாம் என்று எழுதியிருந்தேன்.

நீங்கள் பஸ் விட்டு இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு அந்த வெயிலில் வரப்பு மேல் நடந்து வருவதைக் கனகாதான் முதலில் பார்த்தாள். "அக்கா, ஒங்க வீட்டுக்காரம்மா வாராக" என்றாள்.

நீங்கள் போன பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்றும் தெரியவில்லை. அதனால் நான் பார்த்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

மரத்தடியில் உட்கார்ந்திருந்த இளவட்டங்களில் ஒருத்தன், "எங்களையும் மாத்திவிடுங்க பாட்டியம்மா, எம்புட்டுத் தருவீக?" என்றான். நீங்கள் அவனைப் பார்த்து, "பெரியவர்கள் நிற்கும்போது காலை நீட்டி உட்காராதே. முதலில் அதை மாற்று" என்றீர்கள். அவன் காலை மடக்கிக்கொண்டான். மாமாவே சிரித்துவிட்டார்.

அப்புறம் மாமா கேட்டார். "தாயி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. எம் மருமக ஒங்க ஆளா, எங்க ஆளா?"

"எனக்குத் தெரியாது" என்றீர்கள். "நான் அவளைக் கேட்டதில்லை."

"கேக்காமத்தான் மைக்கப் பிடிச்சு அம்புட்டு நேரம் பேசுனீகளா?" என்று பெரிய பங்காளி சத்தம் போட்டார்.

"ஆமாம்" என்றீர்கள். "ஹீட்டரை அணைக்கும்படி இந்தப் பெண்ணை மூன்று வருடமாக என்னால் மாற்ற முடியவில்லை. மதத்தை மாற்றினேன் என்று நீங்கள் நம்பினால், என்னைப் பற்றி அதிகமாக நினைக்கிறீர்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் நீங்கள் நிறுத்தியிருந்தால் எனக்குப் பானை கிடைத்திருக்கும். எனக்கு நிச்சயமாகத் தெரியும். நீங்கள் நிறுத்தவில்லை. இவர் பக்கம் திரும்பி, "அசோக்குமார், உங்கள் குடிப்பழக்கத்தைப் பற்றி நான் பொதுவில் பேசியது தவறு. எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவிக்கிறேன்" என்றீர்கள்.

அம்மா, அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் வீடியோ பார்க்கவில்லை. வயசானவர்கள். அவர்களுக்கு அதுவரை இவர் குடிப்பது தெரியாது. இவருடைய சித்தப்பா, "என்னது, இவன் குடிக்கிறானா?" என்று கேட்டார். இவர் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்டதையும் யாரோ படம் பிடித்துவிட்டார்கள். உங்கள் முகம் இப்போது இந்தப் பக்கத்து ஃபோன்களில் எல்லாம் ஓடுகிறது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியில், "இந்த வருசம் கனகா வைக்கட்டும், அடுத்த வருசம் பாப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். சிவராத்திரியன்று நான் இரண்டாவது பானை. கனகாவுக்குத் தீ மூட்டத் தெரியவில்லை, புகையாக வந்தது. நான்தான் குனிந்து ஊதிவிட்டேன். அவள் பானை பொங்கியபோது நானும் குலவை போட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மாமா சாயந்தரம் என்னிடம், "அந்தம்மா தெரியாதுன்னு சொல்லிருச்சு. நீயும் தெரியாதுங்கிற. தெரிஞ்சப்பச் சொல்லு. எனக்கு மட்டும் சொன்னாப் போதும்" என்றார். உங்களால் எனக்குக் கிடைத்தது இது ஒன்று. அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று நீங்கள் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் உங்களோடு நடந்து வந்தேன். மோர் நன்றாக இருந்தது என்றீர்கள். பஸ் தாமதம் என்றீர்கள். நான் என்ன நம்புகிறேன் என்று அப்போதாவது கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பஸ் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

சுபா


மதுரை,
10 மார்ச் 2025

சுபலட்சுமிக்கு,

வரப்பு மேல் நான் நடந்து வரவில்லை. பக்கத்தில் இருந்த வண்டிப்பாதையில் வந்தேன். வரப்பைக் கடக்க வேண்டிய ஓரிடத்தில் மட்டும் கடந்தேன்.

மற்றதெல்லாம் நீ எழுதியபடிதான் நடந்தது. உன் கணவரிடம் தனியாகப் பேசியிருக்க வேண்டும். செய்த தவற்றை அது நடந்த விதத்திலேயே, எல்லோர் முன்னாலும் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குக் கற்பித்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அதே தவறு இரண்டாம் முறையும் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு எழுதலாமா என்று யோசித்தேன். என் கையெழுத்தைப் பார்த்தாலே கிழித்துவிடுவார். எழுதவில்லை.

என் முகம் அங்கே ஃபோன்களில் ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் வந்துவிட்டது. அன்பியச் செயலாளர் ஜெனி என்னிடம் காட்டி, "ஆண்ட்டி, நீங்க இதுல ரொம்பத் தைரியமா இருக்கீங்க" என்கிறாள். என்னைக் கேட்காமல் யாரோ எடுத்ததை யாரோ பார்த்துப் பாராட்டுகிறார்கள். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். கோபத்தில்தான்.

பங்குத்தந்தை மீண்டும் தலைவியாக இருக்கச் சொன்னார். உன் ஊர் வரைக்கும் போய் வந்ததைக் கேள்விப்பட்டாராம். "இதையே அடுத்த பயிற்சியில ஒரு பகிர்வா சொல்லுங்களேன்" என்று ஜெரால்டும் சேர்ந்துகொண்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பயிற்சியில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தரவும் கேட்டிருக்கிறார். வெறும் தாளைக் கொடுத்துவிட்டேன். இத்தனை வயதுக்குப் பிறகு வெறும் தாள் கொடுப்பது எனக்கு அவமானமாக இருக்கிறது. ஆனால் எழுத ஒன்றும் இல்லை.

பஸ் நிலையத்தில் நான் ஏன் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். மறந்துபோகவில்லை. அங்கே வரும்போது பஸ்ஸில் டி. கல்லுப்பட்டி வரும்வரை அந்தக் கேள்வியைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீ பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வாரம் வைத்திருப்பேன். பிறகு ஏதாவது ஒரு கூட்டத்தில், பெயர் சொல்லாமல், "எனக்குத் தெரிந்த ஒரு பெண்" என்று ஆரம்பித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். ஆகவே அதை நான் கேட்க மாட்டேன். எனக்கு மட்டும் சொன்னால் போதும் என்று உன் மாமனார் கேட்டதுபோலக் கேட்க எனக்கு வராது.

இப்போது எழுதுவது வேறு ஒரு விஷயம். தவக்காலம் தொடங்கிவிட்டது. இந்த நாற்பது நாளும் அன்பியத்தில் ஒவ்வொருவரும் ஒருவர் பெயரைச் சொல்லி அவருக்காக மன்றாட வேண்டும். மற்றவர்கள் அதற்குக் கேட்டருளும் என்பார்கள். போன சனிக்கிழமை என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. நிறுத்திவிட்டேன். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து ஜெனி, "சுபா அக்காவுக்காகச் சொல்லுங்க ஆண்ட்டி" என்று எடுத்துக் கொடுத்தாள். எனக்கு வேண்டாம், அடுத்தவரிடம் போங்கள் என்றேன். அவர்கள் என்ன நினைத்தார்களோ. உன் மேல் எனக்குக் கோபம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

செபம் சொல்ல எனக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெயரைச் சொல்ல அனுமதி கேட்க வேண்டும் என்பது எந்த வகுப்பிலும் இல்லை. எனவே இந்தக் கேள்வியை நானே அமைத்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பெயரை நான் அங்கே சத்தமாகச் சொல்லலாமா? அல்லது வீட்டில் தனியாக மட்டும் சொல்லட்டுமா? இரண்டும் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். வாயை மூடிக்கொள்வேன். மனதுக்குள் வருவதற்கு மட்டும் என்னால் உறுதி தர முடியாது.

ஏன் என்று நீ காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீ என்ன நம்புகிறாய் என்றும் எழுத வேண்டாம். ஜெனிக்கு ஃபோன் செய்து சொல்லியனுப்பாதே. வேறு யாரிடமும் சொல்லாதே. மூன்றில் எது என்பதை மட்டும் உன் கையால் எழுதி எனக்குத் தபாலில் அனுப்பு.

ஜோசபின்